கள்ளபார்ட் வேடம் கலையட்டும்!

"குடிமகன் என்றால் யார்?"

கேட்டவன் நான். கேட்கப்பட்டவர்கள், சட்டத்தின் பிடியில் சிக்கி, சுவர் சூழ்ந்த இல்லமொன்றிலே நாளை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள். பதினாலு வயதும் உண்டு, பதினேழு வயதும் உண்டு. அரும்பு மீசையும் உண்டு, பால்மணம் மாறாத முகமும் உண்டு. அன்று குடியரசு நாள். கொடி ஏற்றியாயிற்று, மிட்டாய் வழங்கியாயிற்று, சிறப்புரை ஆற்றிடச் சொற்பொழிவாளரும் வந்தாயிற்று!

"குடிக்கிறவரு, சார்!" என்றான், பின்வரிசையிலே சுவரோரம் சாய்ந்திருந்த ஒருவன்.

கூடம் குலுங்கிற்று. பணியாளர் ஒருவர் முறைத்தபடி எழுந்தார். வேண்டாமென்று கையமர்த்தினேன். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் தொடர்ந்தேன். அரசியல் சட்டமென்ன, அடிப்படை உரிமையென்ன, வாக்குச் சீட்டின் வலிமையென்ன, முக்கால் மணி நேரம் முழங்கித் தீர்த்தேன்! கைதட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தார்கள், தட்டினார்கள். புறப்படும்போது அதே பையன் வாயிலருகே வந்து நின்று மெல்லக் கேட்டான்:

"சார், எனக்கு அடுத்த வாய்தா என்னிக்குன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

தோழர்களே! மேடை எனக்குப் புதிதல்ல. கல்வீச்சையும் கண்டதுண்டு, கரவொலியையும் கேட்டதுண்டு. அந்த ஒரு கேள்வியிலே கவிழ்ந்ததுபோல் நான் எந்தக் கூட்டத்திலும் கவிழ்ந்ததில்லை. நாட்டின் சட்டத்தை முக்கால் மணி நேரம் நான் விளக்கியிருக்கிறேன். அவன் வழக்கு என்னவாயிற்று என்பது அவனுக்குத் தெரியவில்லை! உரிமைகளை எல்லாம் அடுக்கியிருக்கிறேன். தனக்காகப் பேச வழக்கறிஞர் ஒருவர் உண்டா இல்லையா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை!

'குடிமகன் என்றால் குடிப்பவன்' என்றானே, அதிலேதான் தவறென்ன? அவன் தெருவிலே அந்தச் சொல்லுக்கு அவன் கண்ட பொருள் அதுதான். மாலையானால் மதுக்கடை வாசலிலே விழுந்து கிடப்பவரைப் பார்த்து, ஊரே 'குடிமகன்' என்று கேலி பேசக் கேட்டு வளர்ந்தவன். அந்தச் சொல்லுக்குள்ளே நாடு இருக்கிறது, நாட்டிலே தனக்கொரு பங்கு இருக்கிறது என்று அவனிடம் எவர் சொன்னார்? சர்க்கார் அவனை உட்காரவைத்து, தகப்பன் பெயர் கேட்டு, பதிந்துகொண்டதே காவல் நிலையத்திலேதான்!

அவனுக்குத் தெரியாமற்போனவை எவையெவை என்று எண்ணிப் பாருங்கள். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது: பதினெட்டு வயது நிரம்பாதவனை லாக்கப்பிலே போடாதே, சிறையிலே தள்ளாதே. வழிப்பயண நேரம் நீங்கலாக, இருபத்துநாலு மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னே நிறுத்து. அந்தக் குழுமத்திலே நடுவர் ஒருவர் மட்டுமல்ல, சமூகப் பணியாளர் இருவரும் உண்டு. அவர்களிலே ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். அங்கே கூண்டு கிடையாது. கையிலே விலங்கு கூடாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால் இலவசமாகவே தரவேண்டும். போலீசாரிடம் ஒப்புக்கொண்டதாக எழுதப்படும் வாக்குமூலம், குற்றத்தை மெய்ப்பிக்கச் செல்லாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலே இருந்த பாதுகாப்பு அது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்திலே 'பாரதிய சாக்ஷிய அதினியம்' வந்திருக்கிறது. பாதுகாப்பு அதிலும் இருக்கிறது. பெயர்தான் அவன் வாயிலும் நுழையாது, என் வாயிலும் நுழையாது! தன்னைக் காக்கும் சட்டத்தின் பெயரையே உச்சரிக்க முடியாத பிள்ளை, அதனிடம் பாதுகாப்புக் கேட்பது எங்ஙனம்?

இன்னொன்றும் கேளுங்கள். "இந்தப் பொட்டலத்தை அந்த முனையிலே கொடுத்துவிட்டு வா; உனக்கு வயது குறைவு, ஒன்றும் ஆகாது; மாட்டினால் அண்ணன் பார்த்துக்கொள்வேன்" என்று ஏவிவிடுகிற பேர்வழிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதே 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு, சட்டவிரோத வேலைக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் அபராதமும் விதிக்க இடம் தருகிறது. 'அண்ணன்' குற்றவாளி என்று சட்டமே சொல்கிறது. பையனோ, அண்ணன் தன்னைக் காப்பாற்றுவார் என்று வாய் திறவாமல் கிடக்கிறான்! பதினாறு வயது நிரம்பியபின் கொடுங்குற்றத்திலே சிக்கினால், குழுமம் ஆராய்ந்து, பெரியவனைப்போலவே வழக்கை நடத்த அனுப்பக்கூடும் என்பதையும் அண்ணன் சொல்லியிருக்கமாட்டார். வயது குறைவு, ஒன்றும் ஆகாது என்ற பேச்சு பாதிப் பொய்.

இவற்றைப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா? பள்ளியை ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் விட்டோடியவன் அவன். சொற்பொழிவு ஆற்றலாமா? ஆற்றிய இலட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே!

நாடகம் என்கிறேன் நான்.

சிரிக்காதீர்கள். சட்டத்திற்கும் நாடகத்திற்கும் இந்த நாட்டிலே பழைய உறவுண்டு, நல்லுறவு அல்ல. 1876-ஆம் ஆண்டை நினைவிலே வையுங்கள். வெள்ளைக்காரன் அந்த ஒரே ஆண்டிலே இரண்டு சட்டங்கள் செய்தான். ஒன்று, தவறு செய்த சிறுவரை அடைத்துத் திருத்திடச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம். மற்றொன்று, தன்னைக் குத்திக்காட்டும் நாடகங்களைத் தடுத்து நிறுத்திட நாடகச் சட்டம். பிள்ளையையும் அடைத்தான், நாடகத்தையும் அடைத்தான்! 1954-இலே நம் மாநிலத்திலும் நாடகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. நடிகவேள் எம்.ஆர்.இராதாவின் நாடகங்களே அதன் குறி என்று ஊரறியப் பேசினார்கள். அந்த 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை ஏட்டிலிருந்து எடுத்தது எப்போது தெரியுமா? 2018-இல்! நூற்று நாற்பத்திரண்டு ஆண்டு! ஆள்வோர் அஞ்சியது வீணாக அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவனையும் நீதி கேட்கவைக்கும் கருவி நாடகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செங்கல்பட்டிலே சீர்திருத்தப் பள்ளி எழுந்தது 1887-இல். சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதல் இயற்றியது நம் சென்னை மாகாணம், 1920-இல். வங்கம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. பெருமைப்படலாம், படுவோம். ஆனால் அந்தச் செங்கல்பட்டு ஊரிலேயே, 2022 டிசம்பர் 31 அன்று, அரசினர் கூர்நோக்கு இல்லத்திலே பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் உயிரிழந்தான். தாக்கப்பட்டு இறந்தான் என்று வழக்காகி, பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். இல்லங்களைச் சீரமைக்க வழி காணும்படி ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் தலைமையில் 2023-இல் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. சட்டம் தெரியாதவன் பிள்ளை மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? தோன்றட்டும். நான் சொல்லவரும் நாடகத்திலே பணியாளருக்கும் வேடம் உண்டு.

ஏழைப் பிள்ளையை நாடகம் எப்படி ஆளாக்கியது என்பதைத் தமிழனுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1918-இலே மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். அவ்வை சண்முகமும் அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைப் பருவத்திலே அங்கேதான் புகுந்தார்கள். எம்.ஆர்.இராதா, வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவனாகத்தான் நாடகக் கம்பெனியை அடைந்தார். இன்றைக்கு அப்படியொரு பையன் ரயிலடியிலே நின்றால், எந்த இல்லத்திலே சேர்ப்பார்களோ! கம்பெனி வாழ்க்கை பூப்பந்தல் அல்ல. வாத்தியாரின் பிரம்படியும் அரைவயிற்றுச் சோறும் அங்கே இருந்தன; அந்தப் பிரம்பை நான் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் வாத்தியார் வாயால் சொல்ல, பையன் காதால் வாங்க, எழுத்தறியாப் பிள்ளையின் நாவிலே ஆயிரம் பாடலும் வசனமும் குடியேறினவே, அந்த வித்தையைத்தான் கேட்கிறேன்.

எந்த நாடகத்தை நடிக்கச் சொல்வது? 'திருடாதே, பொய் சொல்லாதே' என்று கடைசிக் காட்சியிலே பையன் அழுது திருந்தி, முன்வரிசை அதிகாரியின் காலிலே விழும் நாடகமா? அதை அந்தப் பிள்ளைகள் அழகாக நடித்துக் கொடுப்பார்கள். விடுதலை நாளுக்கு ஒன்று, குழந்தைகள் தினத்திற்கு ஒன்று, கேட்ட போதெல்லாம் கொடுப்பார்கள். மறுநாள் காலையிலே அதில் ஒரு சொல்லும் அவர்களிடம் மிஞ்சாது.

எங்கள் ஊர் மன்றத்திலே, ஆண்டுவிழாவுக்காக ஒருமுறை சிலப்பதிகாரத்தின் மதுரைக் கதையை மேடையேற்றினோம். எனக்குக் காவலன் வேடம். பேச்சாளனுக்கு வசனமே இல்லாத வேடம்! கதை உங்களுக்குத் தெரியும். அரசியின் ஊடலைத் தணிக்கப் பாண்டியன் விரைந்துகொண்டிருக்கிறான். பொற்கொல்லன் குறுக்கே வந்து, 'சிலம்பு திருடிய கள்வன் என் குடிலிலே இருக்கிறான்' என்கிறான். விசாரணை இல்லை, வினா இல்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வருக என்று ஆணை பிறக்கிறது. காவலர் போகிறார்கள். கோவலனைப் பார்த்ததும் அவர்களுக்கே ஐயம்: 'இவன் முகம் கள்வன் முகமல்லவே!' பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகையாடி, கள்வர்களின் தந்திரங்களை எல்லாம் அடுக்குகிறான். அவர்கள் தயங்கி நிற்கையிலே, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

நாங்கள் வாளை ஓங்கினோம். கூட்டத்திலே உட்கார்ந்திருந்த, ஆலையிலே முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் துள்ளி எழுந்தார். "ஏம்ப்பா! அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டக்கூடாதா?" என்று கத்தினார்!

நாடகம் நின்றது. எங்களுக்குக் கோபம். ஒப்பனையைக் கலைத்தபின்தான் உறைத்தது, அந்தப் பெரியவர் கேட்டது சட்டத்தின் சாரத்தை என்பது. குற்றம் சாட்டப்பட்டவனைக் கேளாமல் தண்டிக்காதே! விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கும் முதலாளியிடம் நம் தொழிற்சங்கங்கள் அன்றாடம் கேட்பது இதைத்தானே!

அந்தப் பெரியவருக்குப் பெயர் தெரியாத ஒருவர், கடல் கடந்த பிரேசில் நாட்டிலே, இதையே ஒரு முறையாக வகுத்திருக்கிறார். அகஸ்தோ போவால் என்பவர் அவர். 1971-இலே இராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சிறையிலிட்டு வதைத்தது. நாடு கடந்து வாழ்ந்தார். பெரு நாட்டிலே எழுத்தறிவு இயக்கத்தோடு உழைத்தார். அவர் நடத்திய நாடகத்திலே அநீதி நடக்கும் இடத்தில் ஆட்டம் நிற்கும். பார்ப்பவன் எழுந்து மேடைக்கு வருவான். பாத்திரத்தின் இடத்திலே தான் நின்று, வேறு விதமாக நடந்து காட்டுவான். அது சரிப்படாதென்றால் இன்னொருவன் வருவான். நாடு திரும்பியபின், தொழிலாளர் கட்சியின் சார்பிலே ரியோ நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1993 முதல் 1996 வரை உறுப்பினர். தெருத்தெருவாக இப்படி நாடகம் ஆடி, மக்கள் மேடையிலே காட்டிய தீர்வுகளைத் தீர்மானமாக்கி மன்றத்திலே வைத்தார். பதின்மூன்று சட்டங்கள் நிறைவேறின! உறுப்பினராகி, மாலைக்கும் மேடைக்குமே நேரம் போதாமல் தவிக்கும் நம் நண்பர்கள் இந்த வரியை மறுமுறை படிக்கலாம்.

இந்த முறையை எடுத்துக்கொண்டு, நம் கதையை அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாண்டியன் ஆணையிடும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்துங்கள். "அரசே, இந்த இடத்திலே நீ என்ன கேட்டிருக்கவேண்டும்?" என்று ஒருவன் வந்து காட்டட்டும். சாட்சி யார்? பார்த்தது யார்? பொற்கொல்லனுக்கு இதிலே ஆதாயம் உண்டா? சிலம்பு காணாமற்போனது எப்போது, கோவலன் ஊருக்குள் வந்தது எப்போது? இவற்றை அவர்கள் கேட்பார்கள், தோழர்களே. அவர்களைப்போலக் கேட்க வழக்கறிஞர்க்கும் வராது. விசாரணையின் சூடு தெரிந்தவர்கள் அவர்கள். பிறகு கண்ணகி வரட்டும். சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது அரசியின் முத்தல்ல, மாணிக்கம் என்று காட்டட்டும். தடயம் என்றால் என்ன என்பதை எந்தச் சட்டக் கல்லூரி இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடப் போகிறது?

அத்தோடு விடாதீர்கள். மதுரை எரியும் காட்சியையும் ஆடவேண்டும். கண்ணகியின் சீற்றத்திலே நியாயம் உண்டு. ஆனால் எரிந்த வீடுகளிலே இருந்தவர்கள் கோவலனுக்கு என்ன செய்தார்கள்? காலங்காலமாக நம் மேடைகளிலே கைதட்டல் வாங்கிய காட்சி அது. நானே அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆயினும் அந்த இல்லத்திலே அது வேறு காட்சியாகிவிடும். அண்ணனை வெட்டியவனின் தம்பியை வெட்டப்போன பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பழிக்குப் பழி எங்கே நிற்கும் என்பது அவர்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. எரிந்த தெருவிலே நின்று பேசும் ஒரு பாத்திரத்தை அவர்களே உண்டாக்கட்டும். வசனத்தை நாம் எழுதவேண்டாம்.

செல்போன் பறித்த வழக்கிலே வந்தவன், பறிகொடுத்தவனாக வேடம் போடட்டும். சித்தாள் வேலை பார்த்துத் தவணையிலே வாங்கிய போன். தவணை இன்னும் நாலு பாக்கி. போனும் போயிற்று, அதிலே இருந்த மேஸ்திரியின் எண்ணும் போயிற்று. மறுநாள் வேலை எங்கேயென்று தெரியாது. அந்த மனிதன் காவல் நிலையத்திற்குப் போய், புகாரை வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பப்படுகிற காட்சியையும் சேர்க்கட்டும். சட்டத்தின் கதவு தனக்கு மட்டுமல்ல, தன்னால் நொந்தவனுக்கும் சாத்தப்படுகிறது என்பதை அவன் நின்று பார்க்கவேண்டும். பணியாளர் ஒருவர் பிள்ளை வேடம் போட்டு அரைமணி நேரம் சம்மணமிட்டு உட்காரட்டும். காவலர் வேடம் போட்ட பையன், இரவு முழுதும் கண்விழித்து மேலிடத்து ஏச்சும் வாங்கும் காவலரின் அலுப்பையும் அறியட்டும்.

இது கனவு என்பாருக்கு ஒரு செய்தி. 1957 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையிலே, ஆயிரத்து நானூறு கைதிகளின் முன்னே ஒரு நாடகம் நடந்தது: சாமுவேல் பெக்கெட் எழுதிய 'கோதோவுக்காகக் காத்திருத்தல்'. இரண்டு பேர் மரத்தடியிலே யாருக்காகவோ காத்திருக்கிறார்கள், அவன் வருவதேயில்லை. படித்த சீமான்கள் புரியவில்லை என்று பாதியிலே எழுந்துபோன நாடகம். கைதிகளுக்குப் புரிந்தது. காத்திருப்பவனுக்குக் காத்திருத்தலைப் பற்றி விளக்கவுரை எதற்கு? அதன்பின் அந்தச் சிறைக்குள்ளேயே கைதிகளின் நாடகக் குழு உருவாயிற்று. ஆயுள் தண்டனை பெற்றிருந்த ரிக் கிளச்சி என்பவர் விடுதலையாகி நாடகக்காரராகவே வாழ்ந்தார். நம் பக்கத்திலும், கர்நாடகத்துச் சிறைகளிலும் கல்கத்தாவிலும் கைதிகள் மேடையேறியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பெரியவனான பின்னே போடுகிற வேடத்தைச் சிறுவனாக இருக்கையிலேயே போட்டுவிடலாமே!

"கத்தி எடுத்தவனுக்குக் கிரீடமா?" என்று கேட்பார்கள். கேட்பவர் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். மகனைப் பறிகொடுத்த தாயும் கேட்பாள். அவளுக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. நாடகம் தண்டனைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஒத்திகை முடிந்தால் உத்தமனாகிவிடுவான் என்றும் சொல்லவில்லை. சிறப்பு இல்லத்திலே வைக்கக்கூடிய காலம் மூன்றாண்டு. மூன்றாண்டு கழித்து அவன் அவள் தெருவிலேயே நடப்பான். பதினெட்டு ஆனதும் அவள் நிற்கும் வரிசையிலேயே நின்று வாக்களிப்பான். அந்த மூன்றாண்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நடந்து வரவேண்டுமா, பிறர் இடத்திலே நின்று பார்த்தவன் நடந்து வரவேண்டுமா என்பதே கேள்வி.

நம்மவர்க்கும் சில சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயரையோ முகத்தையோ வெளியிடுவது 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே பந்தல் கிடையாது, பத்திரிகைப் படம் கிடையாது, தலைவருக்கு அருகில் பையனை நிறுத்திப் பொன்னாடை போர்த்துவது கிடையாது. கூர்நோக்கு இல்லத்திலே இருப்பவனின் வழக்கு முடிந்திராது. அவனை அவன் கதையையே நடிக்கச் சொல்வது பெருந்தவறு. மேடையிலே சொன்னது வழக்கிலே அவனுக்கெதிராகத் திரும்பினால் யார் பொறுப்பு? அதனால்தான் கோவலன் கதை என்கிறேன். கோவலன் மேல் வழக்கு நிலுவையிலே இல்லை! நடிக்க விருப்பமில்லாதவனை இழுக்கக்கூடாது. அவன் படுதா இழுக்கட்டும், விளக்குப் பிடிக்கட்டும், சும்மா பார்த்துக்கொண்டும் இருக்கட்டும். சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் ஒத்திகைக்கெல்லாம் உடனிருக்கவேண்டும். ஆட்டம் நின்ற இடத்திலே அவர் எழுந்து, சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி உட்காரவேண்டும். மூன்றாவது வாக்கியத்தை அவர் தொடங்கினால், என் கதிதான் அவருக்கும்.

பழைய ஸ்பெஷல் நாடகங்களிலே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்பதோடு 'கள்ளபார்ட்' என்றே ஒரு வேடம் உண்டு. கள்ளபார்ட் போட்டவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு ஊர்த் தெருவிலே தலைநிமிர்ந்து நடப்பார். இந்தப் பிள்ளைகளுக்கு ஊர் பூசிய அரிதாரமோ கழுவக் கழுவப் போவதில்லை. தெருவிலே எதாவது காணாமற்போனால் முதலில் தட்டப்படுவது அவர்கள் வீட்டுக் கதவு. சட்டம் அவர்களின் பழைய ஏட்டை மூடச் சொல்கிறது. தகுதியிழப்பில்லை என்கிறது. ஊர் மூடவிடவில்லை.

எங்கள் மன்றத்தின் பரணிலே அந்த ஆண்டுவிழா நாடகத்தின் தகரப்பெட்டி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இறக்கித் திறந்தோம். பாண்டியனின் அங்கி எலி கடித்திருக்கிறது. வாள் நாலும் நன்றாக இருக்கின்றன. மரக்கட்டை வாள்தான் என்றாலும் அதற்குத் தனியாக அனுமதி கேட்டுத்தான் மனு எழுதியிருக்கிறோம். வழக்கறிஞர் தோழர் ஒருவர் ஞாயிறுதோறும் வர இசைந்திருக்கிறார். அன்று வாளோங்கிய எங்களை நிறுத்திய பெரியவர், கண்பார்வை குறைந்திருந்தாலும், தாமும் வருவதாகச் சொல்கிறார். வாய்தா தேதியைக் கேட்டு அந்தப் பையனுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. கிரீடத்துக்குப் புதிதாகச் சரிகைக் காகிதம் ஒட்டவேண்டும். தையல் வேலை தெரிந்த தோழர்கள் இருந்தால் இந்த வாரம் மன்றத்துக்கு வாருங்கள்.